ஏரல் வட்டாரத்துக் காதுகுத்து வீடியோவும் அதைத் தொகுக்கும் மென்பொருளும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் தொல்லியலுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு திசையில் கொற்கை, இன்னொரு திசையில் சிவகளை, கொஞ்சம் தள்ளி ஆதிச்சநல்லூர். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். ஆனால் அதே வட்டாரத்து வீடுகளில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் டி டிரைவை இன்றுவரை எந்த அறிஞரும் தோண்டிப் பார்க்கவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வெல்லை: காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, ஊர்க்கொடை ஆகிய நான்கு. கல்யாணம் விலக்கப்பட்டது. அது ஸ்டூடியோக்காரர் கையில் இருக்கிறது. பணம் கட்டிய வீட்டுக்காரருக்கே அதில் வாய் திறக்க உரிமை இல்லை.

அகழ்வின் மேலடுக்கில் கிடைப்பது ஃபில்மோராவின் இலவசப் பதிப்பு. தொகுத்து முடித்துக் கோப்பை வெளியே எடுக்கும்போது குழந்தையின் முகத்தின்மேல் தன் பெயரை எழுதிவிடும் குணமுடையது. அதன் கீழே, போனுக்காகச் செய்த கைன்மாஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த தடயம். இன்னும் கீழே, 2000-இல் விண்டோஸ் மில்லேனியத்தோடு வந்து 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கைவிட்ட மூவி மேக்கர். அடிமண்ணில் தைவானத்து யூலீட் வீடியோ ஸ்டூடியோவும், டிவிடி பதிக்கும் நீரோவும். கறுப்பு-சிவப்புப் பானை கிடைத்தால் இரும்புக் காலம். நீரோ கிடைத்தால் டிவிடிக் காலம் என்க.

காலப்பகுப்பு பற்றி ஒரு சொல். இங்கே கி.மு., கி.பி. உதவாது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி ஏரலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆற்றுப் பாலம் சேதமாகி ஊர் துண்டுபட்டது. ஆகவே வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்று வெ.மு., வெ.பி. எனப் பகுப்பதே முறை. வெ.மு. காலத்துச் சிபியு மேசைக்கு அடியில் இருந்தது. வெ.பி. காலத்தில் அது மேசைமேல் ஏறிவிட்டது. இந்த இடமாற்றத்தின் முக்கியத்துவம் இறுதியில் விளங்கும்.

இனி, எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு அறிஞரிடையே நிலவும் மரபுகள். ஸ்டூடியோ மரபினர் எடியஸ் என்பர். ஜப்பானின் கோபே நகரத்துக் கேனோப்பஸ் நிறுவனம் தந்தது; தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோவில் இதயத்துக்குள் மாப்பிள்ளை சுழல்வதற்குப் பெரும்பொறுப்பு இதற்கு உண்டு. காலேஜ் மரபினர் அடோபி பிரீமியர் என்பர். 1991-இல் பிறந்த பெருமைக்குரியது. ஆனால் அடோபி 2013-இல் சந்தா முறைக்குத் தாவிய பிறகு வாடகைக்கே கிடைக்கிறது. இம்மரபினர் வாடகை கட்டியதற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. பென்டிரைவ் வழியே வந்த படியும், அதனோடு வந்த வைரஸும் கிட்டின. செல்போன் மரபினரின் மூலநூலாக விளங்கிய விவா வீடியோ, 2020 ஜூன் 29-இல் டிக்டாக்கோடு சேர்த்துத் தடையான 59 செயலிகளில் ஒன்றாகிவிட்டது. அத்தோடு அந்தக் குருபரம்பரை அறுந்தது.

யூடியூப் பார்த்துத் தெளிந்தவர்கள் டாவின்சி ரிசால்வைச் சொல்வார்கள். சினிமாவுக்கு நிறம் திருத்தும் இயந்திரமாக இருந்ததை 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் வாங்கி, 2011-இல் இலவசப் பதிப்பும் விட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, 16 ஜிபி ராமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால். 4 ஜிபி கம்ப்யூட்டரில் அதன் திறப்பு விழாவே நிகழ்ச்சி முழுவதும்.

கொடை வீடியோவில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. அம்மன் கொடைக்குக் கட்டிய டியூப்லைட்டும் சீரியல் செட்டும் திரையில் கறுப்புப் பட்டையாக ஓடும். வில்லுப்பாட்டுக்காரர் முகத்தில் ஏறும், இறங்கும். சாமியின் வேலை என்பது பெரியவர்கள் கட்சி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. நொடிக்கு 25 படம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக நான்கு மின்னல். போன் தானாக எடுப்பது 30 படம். கணக்கு மூன்றேகாலும் சொச்சமுமாகப் பிசகுகிறது, பட்டை பிறக்கிறது. பட்டையை அழிக்கும் கருவி டாவின்சியின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் இருக்கிறது, விலை 295 டாலர். எடுக்கும்போதே போனில் 25-க்கு மாற்றி, ஷட்டரை 50-இல் ஒன்றாக வைத்தால் செலவு பூஜ்யம். கொடைக்கமிட்டி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

இவ்வளவும் இடைக்கால ஆராய்ச்சி. மையக் கேள்விக்கு வருவோம். உலகத்து மென்பொருள்கள் அனைத்தும் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. விளம்பரமும் அப்படித்தான்: நொடியில் வெட்டலாம், தானாக வெட்டும், செயற்கை நுண்ணறிவு கொண்டு வெட்டும். காதுகுத்து வீட்டில் யாரை வெட்டுவது? தாய்மாமன் மடியில் குழந்தை உட்காருவது முதல், ஆசாரி காது குத்தி அது வீறிடுவது வரை ஐந்து நிமிடம்கூட ஆகாது. மிச்சமெல்லாம் சீர்த்தட்டு, மொய், பந்தி. கலைக்கொள்கை அறிந்த இளைஞன் ஒருவன் மூன்று மணி நேரப் படத்தை இருபது நிமிடமாகச் சுருக்கினால், அன்று சாயங்காலமே போன் வரும்: “ஏய்யா, பெரியத்த சீர்த்தட்டு தூக்கிட்டு வந்தது எங்கடே? எங்க ஆச்சி மொய் எழுதுனத காணல? ஒங்க அம்ம வழி ஆளுவ மட்டுந்தான் ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சாவளோ?” மதினி பேசமாட்டாள், பேசாததே பெரிய விமர்சனம். அதுமட்டுமா, ஊர் நிர்வாகத்தில் சேர்மனாக இருந்து 1908-இல் மறைந்தவர் சேர்மன் அருணாசல சுவாமியாகக் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. வார்டு மெம்பர் முகத்தை வெட்டும் துணிச்சல் யாருக்கு வரும்?

ஆகவே நம் துணிபு: வீட்டு மென்பொருளை வெட்டும் திறத்தால் அளக்கலாகாது, ஒட்டும் திறத்தால் அளக்க வேண்டும். 4 ஜிபிக்கு ஒன்றாகக் கேமரா உடைத்து வைத்த துண்டுகளைச் செத்துப்போகாமல் சேர்க்கிறதா? போன் வீடியோவின் படவேகம் நொடிக்கு நொடி மாறுவதால், மேளம் அடித்து முடிந்த பிறகு மேளச்சத்தம் கேட்கும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்கிறதா? பெயர் பொறிக்காமல், கணக்குத் தொடங்கச் சொல்லாமல் விடுகிறதா?

இம்மூன்றுக்கும் 4, 8 ஜிபி வீடுகளில் தேறியது ஷாட்கட். இலவசம், திறமூலம். மாறும் படவேகத்தை அடையாளம் கண்டு, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். கனத்த கோப்புக்கு இலேசான நகல் செய்துகொண்டு வேலை பார்க்கும். முகப்பு அழகாக இருக்காது; சீர்த்தட்டைப் பார்க்க வந்தவர்கள் முகப்பையா பார்க்கப் போகிறார்கள்? விண்டோஸ் 11 வீட்டில் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், 1080 வரை பெயர் பொறிக்காது, அதையும் ஏற்கலாம். 16 ஜிபி உள்ளவர்கள் டாவின்சிக்குப் போகட்டும், தடையில்லை.

கடைசியாக, வெ.பி. மக்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் சேமிக்கும் புராஜெக்ட் கோப்புக்குள் படம் இருக்காது. எந்தப் படம் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஹார்ட் டிஸ்க் ஆற்றோடு போனால் பென்டிரைவில் மிஞ்சுவது அந்தக் குறிப்புதான். வீடியோவை முழுசாக எம்பி4 ஆக்கி, தாய்மாமன் வீட்டுக்கு ஒன்று, பெரியத்தை வீட்டுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என மூன்று படி எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு வீடாவது மேட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.