கனைப்போடு ஒரு பதில்

"தண்ணி லாரி இன்னைக்கு வருமா சார்?" காலையில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்டது இவ்வளவுதான். "வரும்" எனலாம், "வராது" எனலாம். செயலாளர் நாலரை நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்பினார்.

முதலில் கனைப்பு. பிறகு அனைவருக்கும் வணக்கம். பிறகு குக்கர் விசில். மூன்று விசிலும் வரும்வரை பொறுமையாக இருந்தார். பதிவை மட்டும் நிறுத்தவில்லை. "அடுப்பை அணைச்சுடும்மா" என்றது நம்மிடம் அல்ல. அடுத்து, போன கோடையில் லாரிக்காரன் அரை லோடு அடித்து ஏமாற்றிய வரலாறு, சம்ப் கழுவிய செலவு, அதில் பங்கு தராதவர்கள் பற்றிப் பெயர் சொல்லாத பெருமூச்சு. "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலிங்பெல் அடித்தது. பால்காரர். "நாளைக்கு ரெண்டு பாக்கெட் போதும்ப்பா." நாலரை நிமிஷத்தில் தெளிவாகக் கிடைத்த தகவல் இது ஒன்றுதான்.

இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021-இலேயே வந்துவிட்டதே என்பீர்கள். ஓட்டிப் பார்த்தேன். லாரிக்காரன்மேல் இருந்த கோபம்தான் இரண்டு மடங்காயிற்று. எழுத்தென்றால் கண்ணை ஓட்டி வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். குரலில் எந்த நொடியில் லாரி நிற்கிறதோ, யார் கண்டது?

முன்பெல்லாம் பேசி முடிக்கும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. கட்டைவிரல் வலிக்குப் பயந்தாவது சீக்கிரம் முடித்தார்கள். மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் வசதியை எந்தப் புண்ணியவான் சேர்த்தானோ!

கேட்காமல் விடலாமென்றால், யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியல் அனுப்பியவருக்குத் தெரியும். நீலக் குறியை நிறுத்திவைத்தாலும் இதற்குத் தப்ப வழியில்லை. எங்கள் செயலாளர் பட்டியல் பார்க்கிறவர். "பிஸியா சார்?" என்று லிஃப்ட்டில் விசாரிப்பார்.

ஆனால் மற்றவர்களுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. வாய்ஸ் வந்து விழுந்த மறுநொடியே இரண்டாம் மாடிக்காரர் கைகூப்பும் பொம்மை போட்டார். அவரைத் தொடர்ந்து "சூப்பர் சார்", "அருமையான விளக்கம்", ஒரு ரோஜாப்பூ. வேலைவெட்டி இல்லாமல் முழுதும் கேட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

இணையத்தில் நாகரிகமாகப் பேசிப் பழகுவது எப்படி என்று நாலு யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது அடுத்த வாரம். இப்போது இரண்டாம் மாடிக்குப் போய், "லாரி விஷயமா செயலாளர் என்ன சார் சொன்னார்?" என்று கேட்கப் போகிறேன். சொல்லட்டும், பார்க்கலாம்.