கேட்காமலே அட்வைஸ்: ஆஸ்பெக்ட் எழுதி ஆபீஸைக் கலக்குவது எப்படி?

ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கா, எனக்கு அதெல்லாம் தெரியாதே என்று தன்னடக்கம் காட்டாதீர்கள். ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஏதாவது ஒரு மெத்தடின் தலையில் 'டிரான்ஸாக்ஷனல்' என்று ஒட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. இதுவரை அரைகுறையாகச் செய்துவந்த தப்பை இனி முறையாகச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

லாகிங், பாதுகாப்பு, டிரான்ஸாக்ஷன் போன்றவை எந்த ஒரு கிளாஸுக்குள்ளும் அடங்காமல் புரோகிராம் முழுக்கச் சிந்திக் கிடக்கும். அவற்றைத் தனியே ஓர் இடத்தில் எழுதிவிட்டு, எங்கெங்கே ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லலாம் என்று 1997-இல் பின்லாந்தின் யூவாஸ்கூலாவில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் கிரெகர் கிக்ஸாலேஸும் அவருடைய கூட்டாளிகளும். அப்படித் தனியே எழுதியதுதான் ஆஸ்பெக்ட். இடங்களைப் பொறுக்குவது பாயின்ட்கட். அங்கே போய் ஓடுகிற கோடுக்குப் பெயர் அட்வைஸ். இந்தப் பெயர் இன்னும் பழையது, 1966-இல் வாரன் டைட்டல்மன் லிஸ்பில் செய்த ஆய்விலேயே உண்டு. கேட்காதவரையும் தேடிப்போய்ச் சேருகிற சரக்குக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்?

சரி, வேலையை ஆரம்பியுங்கள்.

1. லாகிங்கிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பாடப்புத்தகமும் அங்கேதான் தொடங்குகிறது, பல அங்கேயே முடிந்தும் விடுகின்றன. பாயின்ட்கட்டில் நட்சத்திரக் குறிகளை வாரி இறையுங்கள்: எந்த பேக்கேஜும், எந்த கிளாஸும், எந்த மெத்தடும். லாக் எழுதுகிற உங்கள் ஆஸ்பெக்ட்டும் அந்த வலையில் விழும். லாக் எழுதப்போனதை லாக் எழுத, அதையும் லாக் எழுத, ஸ்டாக் நிரம்பி வழியும். 'உன் ஆஸ்பெக்ட்டை மட்டும் விலக்கிவிடு தம்பி, ஒரு வரிதான்' என்பார் சீனியர். கேட்காதீர்கள். ஸ்டாக் அளவைக் கூட்டச் சொல்லி டிக்கெட் போடுங்கள்.

2. மெத்தடுகளைப் பெயரை வைத்தே பிடியுங்கள். 'செட்' என்று தொடங்குபவை எல்லாம் வரட்டும். வங்கிக்கான சாஃப்ட்வேரில் 'செட்டில்' என்றொரு மெத்தட் இருக்கும், அதுவும் தொங்கிக்கொண்டு வரும். வரட்டும், கூட்டம் நல்லது. பிறகொரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் 'செட்பேலன்ஸ்' என்பதை 'அப்டேட்பேலன்ஸ்' என்று நல்லெண்ணத்தோடு மாற்றுவாள். அந்தக் கணமே உங்கள் அட்வைஸ் கழன்றுவிடும். கம்பைலர் கத்தாது. அட்வைஸுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காவிட்டால்தான் ஜாவாவுக்கான ஆஸ்பெக்ட் மொழியான ஆஸ்பெக்ட்ஜே ஒரு வார்னிங்காவது முனகும். 'செட்டில்' இன்னும் மாட்டிக்கொண்டிருப்பதால் அந்த முனகலும் கிடையாது. ஆய்வாளர்கள் இதை எளிதில் உடையும் பாயின்ட்கட் என்று பெயரிட்டு வருஷக்கணக்கில் கட்டுரை எழுதினார்கள். நீங்கள் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் போதும்.

3. யாரிடமும் சொல்லாதீர்கள். இது சோம்பல் அல்ல, கோட்பாடு. ஆஸ்பெக்ட்டின் அடையாளங்கள் இரண்டு என்று ராபர்ட் ஃபில்மனும் டேனியல் ஃப்ரீட்மனும் 2000-இல் எழுதினார்கள். இன்னின்ன இடங்களில் எல்லாம் என்று மொத்தமாகச் சொல்வது ஒன்று. சொல்லப்பட்ட இடத்துக்கு அது தெரியாமலே இருப்பது மற்றொன்று. அவர்கள் தெரியாமல் இருக்கச் சொன்னது புரோகிராமின் கோடைத்தான். நீங்கள் அதை டீமுக்கும் நீட்டுங்கள். அட்வைஸ் ஒட்டியிருக்கும் வரியின் ஓரத்தில் குறி போட்டுக் காட்டும் கருவி எக்லிப்ஸில் உண்டு, அதை யாரும் நிறுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழுந்து ஒருவன் கோடைத் திறந்தால், மூன்றே வரி, துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். 1973-இல் லாரன்ஸ் கிளார்க் என்பவர் டேட்டாமேஷன் பத்திரிகையில் ஒரு விளையாட்டுக் கட்டுரை எழுதினார். 'கோ டூ' வேண்டாம் என்கிறீர்களே, அதற்குப் பதில் 'கம் ஃப்ரம்' வைத்துக்கொள்ளலாம், தாவுகிற இடத்தில் ஒன்றுமே எழுத வேண்டியதில்லை என்றார். அவர் சிரிப்பதற்காக எழுதினார். நீங்கள் டிசைன் டாக்குமெண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. 'அரவுண்ட்' அட்வைஸ் எழுதுங்கள். முன்னால், பின்னால் என்று ஓடுபவை வெறும் எடுபிடிகள். அரவுண்ட் என்பவர் பெரிய அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் பி.ஏ. அவர் 'புரொசீட்' என்றால்தான் ஃபைல் உள்ளே போகும். ஒரு சில நிபந்தனைகளில் மட்டும் புரொசீட் சொல்ல மறந்துவிடுங்கள். எக்ஸப்ஷன் வந்தால் பிடித்து விழுங்கி, 'நல்' என்று திருப்பி அனுப்புங்கள். மனு கொடுத்தவர் கொடுத்தேன் என்பார், அதிகாரி வரவேயில்லை என்பார், இருவருமே உண்மை பேசுவார்கள்.

5. ஒரே இடத்தில் இரண்டு ஆஸ்பெக்ட் வைத்து, எது முதலில் என்று எழுதாமல் விடுங்கள். விளக்கமே வேண்டாம்.

6. இப்போது டிரான்ஸாக்ஷனலுக்கு வாருங்கள். ஸ்பிரிங் வழக்கமாக உங்கள் கிளாஸுக்கு முன்னால் ஒரு பிராக்ஸியை நிறுத்துகிறது. அது அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தான்: வெளியிலிருந்து வருபவரை நிறுத்தி நோட்டில் எழுதுவார், உள்ளேயே இருப்பவர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனால் அவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு கிளாஸின் சாதாரண மெத்தடிலிருந்து அதே கிளாஸின் டிரான்ஸாக்ஷனல் மெத்தடைக் கூப்பிடுங்கள். தலையில் ஒட்டிய சீட்டு ஒட்டியபடியே இருக்கும், டிரான்ஸாக்ஷன் மட்டும் இருக்காது. வெளியிலிருந்தே கூப்பிட்டுத் தொலைத்தீர்களா? செக்டு எக்ஸப்ஷனை வீசுங்கள். நாமாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய அதற்கு ரோல்பேக் கிடையாது. ஒரு கணக்கில் பணம் கழியும், மறு கணக்கில் ஏறாது. யூனிட் டெஸ்ட்டில் ஆப்ஜெக்ட்டை நேரடியாக 'நியூ' போட்டு உருவாக்குங்கள். வாட்ச்மேனே இல்லாத கட்டடத்தில் எல்லா டெஸ்ட்டும் பச்சை.

7. கம்பெனி ஒத்துவரவில்லையா? ஆராய்ச்சிக்குப் போங்கள். புள்ளி, கோடு, அவை நகர்ந்தால் திரையைப் புதுப்பிக்க ஒரு ஆஸ்பெக்ட், இந்த ஒரே உதாரணத்தை வைத்துக் காலம் தள்ளலாம். 2001-இல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவியூ, உலகை மாற்றப்போகும் பத்துத் தொழில்நுட்பங்களில் ஆஸ்பெக்ட்டையும் சேர்த்தது. அந்தப் பக்கத்தை முன்னுரையில் ஒட்டிவிடுங்கள். மாடுலாரிட்டி எதற்காக வேண்டுமோ, அதாவது தனித்தனியே எழுதுவதற்கும் படித்தால் புரிவதற்கும், அதற்கே ஆஸ்பெக்ட் குழிபறிக்கிறதே என்று 2006-இல் ஃபிரீட்ரிஷ் ஸ்டைமான் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னொரு லாகிங் கட்டுரையால் பதில் சொல்லுங்கள். 2002-இல் நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் ஆரம்பித்த ஆஸ்பெக்ட் மாநாடு 2014-இல் 'மாடுலாரிட்டி' என்று போர்டை மாற்றிக்கொண்டது. கடையில் கூட்டம் குறைந்தால் செய்ய வேண்டியது அதுதானே? இதற்கிடையில் எதிர்த்த தெருவில் ஸ்பிரிங்காரர்கள் அதே சரக்கைப் பெயர் சொல்லாமல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனிக்காதீர்கள், கவனித்தால் அழுகை வரும்.

8. சரியான நேரத்தில் பேப்பர் போடுங்கள். நோட்டீஸ் காலத்தில் உங்கள் இடத்துக்கு வருபவருக்கு கே.டி. கொடுப்பீர்கள். ஒவ்வொரு கிளாஸாகத் திறந்து பொறுமையாக விளக்குங்கள். ஆஸ்பெக்ட் இருக்கும் ஃபைலை மட்டும் திறக்காதீர்கள். 'அண்ணா, இந்த லாக் எங்கிருந்து வருது?' என்று கேட்பான். 'அது வரும்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைத் திறவுங்கள்.