கைவேலையின் புரவலர்

திருப்பூர் வட்டாரத்தில் கைவேலைக்கு மரியாதை இல்லை என்று இனி யாரும் வாயெடுக்க முடியாது. பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் அந்தப் பழியைத் தனியாளாகத் துடைத்துவிட்டார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். தம்முடைய சைக்கிளுக்குக் கையால் கட்டிய சக்கரம் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். கட்டியவர் ஐரோப்பாவில் இருக்கிறார். அவசரப்படுத்தினால் ஆர்டரையே திருப்பி அனுப்பிவிடுவாராம். முதலாளி முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பிவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருந்தார். ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பீஸுக்கு இருபத்தைந்து காசு ஏற்றிக் கேட்டால் மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்துகிறவர் இப்படி நடந்துகொண்டார் என்ற செய்தி, சக்கரத்துக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிள் சக்கரம் என்பது ஹப், ரிம், கம்பி, நிப்பிள் என்று நாலே சாமான். கம்பெனி மெஷினில் கட்டி அனுப்பியதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது நம் போன்றவர்கள் பாடு. இன்ன ஹப், இன்ன ரிம், இத்தனை கம்பி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓட்டுகிறவரின் எடைக்கும் அவர் போகிற சாலைக்கும் தக்கபடி ஒருவர் உட்கார்ந்து கட்டினால் அது வேறு ஜாதிச் சக்கரம். முதலாளி பொறுக்க ஆரம்பித்தது சித்திரையில், முடித்தது மார்கழியில். தம் கம்பெனிக்கு ஒரு டெய்லர் எடுக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். "சிங்கரா, ஓவர்லாக்கா?" அவ்வளவுதான். மனிதர்களைக் கண்டவுடன் கணித்துவிடுவார். சாமான் விஷயத்தில்தான் நிதானம்.

கம்பியில் அவர் காட்டிய ஞானத்தைத் தனியே சொல்ல வேண்டும். கம்பியின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர், 15 கேஜ் என்றால் 1.8. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். புதிதாக வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் நூல் மெலிசு என்று தொட்டிலிலேயே கற்ற முதலாளிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முனையும் தடித்து நடுப்பகுதி மட்டும் மெலிந்த 'டபுள் பட்டட்' கம்பிதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அது சரியான முடிவு. இதில் எனக்குப் பரிகாசம் இல்லை. குழியில் விழும்போது அந்த மெலிந்த நடு சற்றே நீண்டு அடியை வாங்கிக்கொள்வதால், ஹப்பில் மாட்டுகிற கழுத்து வளைவில் கம்பி அறுவது குறையும். பெல்ஜியத்தில் 1918 முதல் இருக்கும் சாப்பிம், 1994-ல் தனிக் கம்பெனியான சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ், இரண்டின் கம்பி அட்டவணையும் அவருக்கு மனப்பாடம். கம்பெனியில் இருபது வருஷமாகக் கைமடி வேலையில் இருக்கிற அம்மாவின் பெயர்தான் அவ்வப்போது நழுவிவிடும். "ஏம்மா" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார். நினைவாற்றலைக் கண்ட இடத்தில் செலவழிக்கிறவர் அல்ல.

ஹப்பில் இரண்டு கேள்வி வந்தது. ஒன்று நிறம். 1976-ல் தொடங்கிய அமெரிக்காவின் கிறிஸ் கிங் போன்றவர்கள் ஹப்பை ஊதா, சிவப்பு, நீலம் என்று விதவிதமாகச் சாயமேற்றித் தருகிறார்கள். சாயத்தின் அருமை தெரிந்த ஊர் நம்முடையது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அதுவரை நொய்யலில் ஓடாத நிறமா? அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கடைசியில் பிடித்தது கருப்பு. இரண்டாவது, பின் ஹப் எத்தனை டிகிரியில் பிடிக்கும் என்பது. பெடலை ஓட்டாமல் நிறுத்தி மறுபடி மிதிக்கும்போது, ஹப்புக்குள் இருக்கிற பல் கவ்வும்வரை கால் சும்மா சுற்றும். வட்டத்தில் 18 இடத்தில் கவ்வினால் 20 டிகிரி வீண். 36 என்றால் 10. 72 என்றால் வெறும் 5 டிகிரி. முதலாளி 72-ஐ எடுத்தார். அவருக்குக் காத்திருப்பது ஆகாது. தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கும் ஆட்களின் பொறுமையை அவர் மனமாரப் பாராட்டுவதற்கும் அதுதான் காரணம். தம்மிடம் இல்லாத குணம் அல்லவா?

எந்தக் கம்பெனி ஹப், எந்தக் கம்பெனி ரிம் என்று கேட்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் மனம் நோகும்.

நிப்பிளுக்கு வருகிறேன். கம்பியின் நுனியில் திருகுகிற குட்டி நட்டு. பித்தளையில் செய்தால் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்கு. பித்தளை மழைக்கும் வியர்வைக்கும் அசையாது. அலுமினியம் கார்பன் ரிம்மோடு ஈரத்தில் சேர்ந்தால் அரித்துப்போகும். ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து முப்பது கிராம் மிச்சம். அந்த முப்பது கிராமுக்காக முதலாளி பித்தளையைத் துறந்தார். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2000-ம் ஆண்டிலிருந்து விதி வைத்திருக்கிறது. எந்தப் பந்தயத்துக்கும் போகாதவர் என்றாலும், அந்த விதியைத் தாண்டிவிடுவோமோ என்று உண்மையாகவே கவலைப்பட்டார். சட்டம் என்றால் அவ்வளவு பயபக்தி. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948-ம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் ஒன்றும் சொன்னதுதான். அது சர்வதேசச் சங்கம் போட்டதில்லையே.

சக்கரம் கட்டுகிறவர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். உங்கள் எடை என்ன, சாலை எப்படி, காற்று எப்படி, வழியில் பழுது வந்தால் யார் பார்ப்பார்கள்? கம்பி எத்தனை என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எடைக் கட்டத்தில் முதலாளி 78 என்று எழுதினார். தம் பெருமையைத் தாமே குறைத்துச் சொல்லும் அடக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? கம்பி முன்னால் 20, பின்னால் 24 என்று முடிவானது.

காற்றுக் கட்டத்தை அவர் நிரப்பவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் புகுந்து வருகிற காற்று பொங்கலூர் சீமையில் எப்படி அடிக்கும் என்று ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேத்தனூர்ப் பக்கம் காற்றாலை நட்டவர்கள் வேடிக்கைக்காக நடவில்லை. அங்கே ஓட்ட முதலாளி தேர்ந்தது 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் ரிம். ஆழ ரிம் எதிர்க்காற்றைக் கிழிக்கும், மெய்தான். பக்கவாட்டுக் காற்று வந்தால் அந்த ஆழம் முழுவதையும் பிடித்துத் தள்ளும். பல்லடத்திலிருந்து பொங்கலூருக்குத் திருச்சி ரோட்டில் கிழக்கே போகும்போது காற்றே தள்ளிவிடும். அப்போது வரும் வேகத்தைப் படம் எடுத்துக்கொள்வார். தெற்கே கிளை ரோட்டில் திரும்பினால்தான் இரண்டு கையும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வீடு திரும்புகையில் எதிர்க்காற்று; பெரும்பாலும் பின்னால் வந்த கார் ஏற்றிக்கொண்டு போகும். காற்றுக்கு விலகி நடப்பது பெரியவர்கள் குணம்.

படிக்காமல் செய்தார் என்று எண்ணவேண்டாம். ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே எழுதிய புத்தகத்தைத் தருவித்துப் படித்தார். ஹப் மேல்கம்பிகளில் தொங்குவதாகத்தான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிராண்ட் கணக்குப் போட்டுக் காட்டியது வேறு. பாரம் ஏறும்போது மேலே இருக்கிற கம்பிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரிவதில்லை. தரையோடு ஒட்டிய நாலைந்து கம்பிகள்தான் தம் இறுக்கத்தை இழந்து மொத்தப் பாரத்தையும் ஏற்கின்றன. முறை வந்து மாறி மாறிக் கீழே போகிறபோது ஒவ்வொன்றும் அதை அனுபவிக்கும். முதலாளி இந்தப் பக்கத்தை என்னிடம் வியந்து வியந்து சொன்னார். "அடியில இருக்கறதுதான் தாங்குதுன்னு எவனுக்குங்க தெரியுது?" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பொங்கலூரில் ரோட்டோரம் இருக்கும் ஒரு சைக்கிள் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவரை யாரும் கைவினைஞர் என்று சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகள் பால்கேனும் கோன் மூட்டையும் சுமந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர். முன்னால் 32 கம்பி, பின்னால் 40, பாரம் பின்னால்தானே என்பது அந்த வண்டிகளின் கணக்கு. கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டுக் கட்டுகிற முறைக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை வாங்கினார். அதே பின்னலை இவர் விரல்கள் பார்க்காமலே போடும். அளவெடுக்கும் கருவி எதுவும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, சாக்பீஸ் துண்டை ரிம்மை ஒட்டிப் பிடித்துச் சுற்றுவார். சாக்பீஸ் பட்ட இடம் கோட்டம். அந்த இடத்தில் ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு விடுவார். பிறகு கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையில் நெரிப்பார். கட்டின கம்பி தன் இடத்தில் உட்கார அது அவசியம். ஐரோப்பியரும் அதையேதான் செய்கிறார், படிவத்துக்குப் பிறகு. கடைசியில் விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் தட்டி ஓசை கேட்பார். ஒரே சுருதியில் வந்தால் பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொள்வார்.

இப்போது அவருக்கு வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்கள். 2022-ல் அரசு 6.35 லட்சம் மாணவர்களுக்கு 323 கோடி ரூபாயில் சைக்கிள் கொடுத்தது. ஒன்றுக்கு ஐந்தாயிரம் சொச்சம். முதலாளியின் ஒரு ஜோடி ஹப்பில் அப்படிப் பத்துச் சைக்கிள் அடங்கும். பெரியவர் அந்தச் சைக்கிள்களுக்கும் படிவம் வைத்திருக்கிறார், வாயால் கேட்பார்: "எந்தூருப்பா, பின்னால யாரை ஏத்தீட்டுப் போற?"

போன ஆடியில் முதலாளியின் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. 24 கம்பியில் ஒன்று போனால் 40-ல் ஒன்று போன மாதிரி இராது. ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பிரேமில் உரசியது. தள்ளிக்கொண்டே அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். பெரியவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நிப்பிள் எங்கீங்க?"

நிப்பிள் ரிம்முக்குள்ளே இருந்தது. வெளியே தெரிந்தால் காற்று தடைபடும் என்று முதலாளி ஆசையாகத் தேர்ந்த ஏற்பாடு அது. திருக வேண்டுமென்றால் டயரைக் கழற்றி, உள்ளே ஊற்றியிருக்கும் பஞ்சர் பாலைக் கொட்டி, ரிம் டேப்பை உரிக்க வேண்டும். உரித்தார். ஸ்போக் சாவி உள்ளே நுழையாது. பனியன் கம்பெனித் தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் எப்போதோ விட்டுப்போன சின்ன பாக்ஸ் ஸ்பேனரைப் பெட்டியில் துழாவி எடுத்தார். அந்த நீளத்தில், அந்த வகையில் மாற்றுக் கம்பி பொங்கலூரில் இல்லை, கோயமுத்தூரிலும் கிடைத்திராது. அறுந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, அதற்கு அக்கம்பக்கத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கிற இரண்டு கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். சாக்பீஸ். மறுபடி கால் திருகு. ரிம் நடுவுக்கு வந்தது. முதலாளி பையிலிருந்த ட்யூபைப் போட்டு, டயரை ஏற்றி, கோட்டம் மறுபடி பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. "ஊடு வரைக்கும் தாங்குமுங்க. பாத்து ஓட்டுங்க. அம்பது குடுங்க."

முதலாளி கணக்குத் தெரிந்தவர். சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மென்மையாகக் கேட்டார். "ஏனுங்ணா, கம்பி ஒண்ணும் மாத்தலீங்களே. லூஸ் பண்ணித்தானே உட்டீங்க?" நாற்பது கொடுத்தார். மிச்சம் பத்து அடுத்த தடவை.

அந்த வாரமே ஐரோப்பாவுக்கு எழுதி இரண்டு கம்பி வரவழைத்தார். கம்பியைவிடக் கூரியர் கூலி பல மடங்கு. மறுபேச்சில்லாமல் கட்டினார். சைக்கிள் நண்பர்கள் கூட்டத்தில், கையால் வேலை செய்கிறவர்களை நம் சமூகம் மதிக்கவில்லை என்று ஒரு கால்மணி நேரம் பேசி, ஐரோப்பியரின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார். பலர் கண்கலங்கியதாகக் கேள்வி.

அவருக்கு எவ்வளவோ வேலை. பொங்கலூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்தப் பெரியவர் கடையில் வண்டியை நிறுத்தி, பத்து ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். முதலாளி கொடுத்தனுப்பினார் என்று சொல்லிவிடுங்கள், அவர் பெயர் கெடக்கூடாது.