அம்மனுக்கு ஐந்து நாள் ஓய்வு

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுவாள் என்பது ஐதீகம். விசேஷ நாட்கள் தனிக் கணக்கு. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு கட்டிய குற்றத்துக்காக, சொந்தபந்தம் அதைச் சத்திரமாகவே முடிவு செய்துவிட்டது. மாவிளக்கு போட வருகிறவர்கள் விடியலில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஊறிய அரிசியோடு கோயில் உரலுக்கு ஓடுவார்கள்.

பத்து வருடம் இப்படித் தண்ணீர் குடித்ததில், வாஷ்பேசின் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சிலிகான் கறுத்துப்போனது. முதலில் புள்ளி, பிறகு கோடு, கடைசியில் நல்ல அடர்த்தியான மீசை. மறுபக்கச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் அப்பளமாகப் பொங்கியதும் மனைவி "ஏங்க" என்றாள். வேலை, செலவு, கெடு மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

கொத்தனாரைக் கூப்பிட்டால் வெள்ளை சிமெண்டைக் குழைத்து மேலாக இழுவிவிட்டுப் போவார். மேடை லேசாக அசைந்தாலும் அது விரிசல் விடும். நானே இறங்கினேன். செவ்வாய் தொடங்கினால் வியாழனுக்குள் முடியும் என்பது கணக்கு. பெரம்பலூர் ஹார்டுவேர்ஸ் கடைப் பையன் மட்டும், "பழசைச் சுத்தமா எடுத்துருங்க சார். பழைய சிலிகான் மேல புதுசு ஒட்டாது" என்றான். எச்சரிக்கை என்று அப்போது புரியவில்லை.

பிளேடால் கீறி இழுத்ததும் முதல் துண்டு ஒரு முழத்துக்கு நூடுல்ஸ் போல உரிந்து வந்தது. ஆஹா என்றிருந்தது. அந்த ஆஹாவுக்குப் பிறகு வந்ததெல்லாம் மிளகு அளவுதான். கண்ணுக்குத் தெரியாத படலம் வேறு. தண்ணீர் தெளித்தால் அது இருக்கிற இடத்தில் மட்டும், தாமரை இலையில் போல, முத்துமுத்தாக உருளும். தின்னர் தொட்டுத் தேய், சுரண்டு, மறுபடி தெளி. மறுபடி முத்து.

எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. சிலிக்கா ஊறி மரம் கல்லானது. வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். என் குளியலறைச் சரக்கும் மணலிலுள்ள அதே சிலிக்கானின் வாரிசுதான். பத்தே வருடத்தில் பெரியப்பன் பிடிவாதம் வந்துவிட்டது. 1901-இல் இந்த வகைப் பொருளுக்குப் பெயர் வைத்த இங்கிலாந்து வேதியியலர் பிரெடெரிக் கிப்பிங்கின் குடுவையில் மிஞ்சியதும் பிசுபிசுத்த பசைதான். அதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை. புதன் இரவு, சுரண்டிய விரல்களோடு, நானும் அவர் கட்சியில் சேர்ந்தேன். ஆனால் 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பதித்த காலடி, சிலிகான் ரப்பர் அடி வைத்த காலணியுடையது. கிப்பிங் அதைப் பார்க்க இல்லை.

வியாழன் மாலை மேடை உலர்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, இருபுறமும் டேப் ஒட்டி, குழாய் மூக்கைச் சாய்வாக வெட்டி, கன்னில் பொருத்தி அழுத்தினேன். வினிகர் நெடி. ஊறுகாய் கெட்டுவிட்டதா என்று மனைவி ஜாடிகளைத் திறந்து பார்த்தாள். சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பு, டேப்பை உரித்தேன். எடுக்க மூன்று நாள், வைக்கப் பத்து நிமிடம். இனி 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுமாம், ஆனால் தண்ணீர் ஆகாதாம். "உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

அப்போது வாசலில் வேன் சத்தம். அரிசி ஊறப்போட வேண்டுமென்று முந்தின இரவே வந்துவிட்டார்கள். நான் கயிற்றைத் தேடிக் குறுக்கே கட்டுவதற்குள் பெரியம்மா உள்ளே இருந்தார்.

"காஞ்சிருச்சான்னு பார்த்தேன்டா தம்பி."

நடு மேடைக்கு நேராக, ரேகை ரேகையாக, அவருடைய கட்டைவிரல்.

மறுநாள் விடியலில் எல்லோரும் கொல்லைக் குழாயில் குளித்தார்கள். சிலிகான் இறுகிவிட்டது. ரேகையும் இறுகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்த பெரியம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேடையோரம் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு அழகா வச்சிருக்கே. இதை எந்தப் பாவிடா அமுக்கினான்?"