மூன்று பேரேடு

கம்ப்யூட்டர் ‘முடியாது’ என்று சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். ‘அக்சஸ் டினைட்’ என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு பெட்டி வரும்; நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆளைத் தேடுவோம். சரி சரி என்று தலையாட்டுகிற கம்ப்யூட்டரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

மாமாவின் ஹார்டுவேர் கடையில் இருப்பது அந்த ரகம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து பில்லிங் சாஃப்ட்வேரை, ஊர்க் கடன் கணக்கோடு சேர்த்து, புது மெஷினில் ஏற்றிவிட்டுப் போனார் மெக்கானிக். காலையில் மாமா, மதியம் அத்தை, ஆளுக்கொரு லாகின். அத்தையின் திரையில் முருகன். மாமாவின் திரையில் மாமா.

கொஞ்ச நாளில் ஒரு பெயிண்டர் கடை வாசலில் நின்று கத்தினார். 4,300 ரூபாய் பாக்கியை அத்தையிடம் கட்டிவிட்டாராம். மறுநாள் காலை மாமா அதையே திரும்பக் கேட்டிருக்கிறார். அத்தை லாகினில் பாக்கி இல்லை. மாமா லாகினில் இருக்கிறது.

“வைரஸா மாப்ள?”

வைரஸ் இல்லை, தாட்சண்யம். எக்ஸ்பி காலத்து சாஃப்ட்வேர்களில் பல, தம் கணக்கை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுதிப் பழகியவை. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா அதற்குத் தடை போட்டது. ஒரேயடியாக மறுத்தால் கிழட்டு சாஃப்ட்வேர் மூர்ச்சை போட்டுவிடுமே! அதனால் ‘எழுதிக்கொள்’ என்று சொல்லிவிட்டு, அந்த ஃபைலை நகலெடுத்து, அவரவர் ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘வெர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்தில் எழுத வைக்கும். ஆப்டேட்டாவோ சாதாரணமாகக் கண்ணில் படாது. எங்கே எழுதுகிறோம் என்று அந்த சாஃப்ட்வேருக்கே தெரியாது. ஒரே மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொய் நோட்டு, பெண் வீட்டுக்கு ஒரு மொய் நோட்டு!

“என் கடையில, என் காசுல வாங்குன பொட்டியில, எனக்கே பர்மிஷன் இல்லியா?”

அவருடைய லாகின் அட்மினிஸ்ட்ரேட்டர்தான். ஆனால் விஸ்டாவுக்குப் பிறகு அட்மினிஸ்ட்ரேட்டரும் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கினால்தான் அதிகாரம். வீட்டிலும் அதே ஏற்பாடு என்பதால் மாமாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சாஃப்ட்வேர் விற்றவருக்கு போன் போட்டோம். “ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். கொடுத்தோம். மூன்றாவதாக ஒரு பேரேடு திறந்தது! அதுதான் அசல். மெக்கானிக் ஏற்றிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே, அதன்பிறகு ஒருவரும் ஒரு பைசா கட்டாமல்.

கணக்கு இருக்கும் ஃபோல்டரில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் ‘யூசர்ஸ்’ குழுவுக்கு ‘மாடிஃபை’ அனுமதி கொடுத்தேன். வெர்ச்சுவல்ஸ்டோர் நகல்களையும் வெளியே எடுத்துவைத்தேன். அவை அங்கேயே இருந்தால் சாஃப்ட்வேர் மறுபடி அவற்றையேதான் திறக்கும். இதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. எந்தப் பேரேட்டை அசலாக வைப்பது என்பதில்தான் பஞ்சாயத்து. தன்னுடையதுதான் சரி என்றார் அத்தை. ரசீதுகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்த்துவிடலாம் என்றேன் நான்.

மாமா எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது பேரேட்டை வாஞ்சையோடு மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். கட்டித் தீர்த்தவர்கள் அத்தனை பேரும் அதில் மறுபடி கடன்காரர்கள்.

“இதுல தப்பே இல்லியே மாப்ள, இதையே வச்சுக்கிட்டா என்ன?”