பேப்பர் தெரிந்த அண்ணாச்சி

சிவகாசியில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் பெண், மாப்பிள்ளை பெயரைப் படிக்கமாட்டார். தாளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். "முந்நூறு ஜிஎஸ்எம்னு சொல்லியிருப்பான். இது இருநூத்தம்பதுதான்." பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "மெஜந்தா அரை நூல் தள்ளியிருக்கே!" கல்யாணம் யாருக்கு என்ற விசாரணை அதற்கப்புறம்தான்.

எங்கள் தெரு அண்ணாச்சி முப்பது வருஷம் ஆஃப்செட் மிஷினோடு நின்றவர். மழை குறைந்த இந்தக் கரிசக்காட்டில் தீப்பெட்டியும் பட்டாசும் காலூன்றி, அவற்றுக்கு லேபிள் அடிக்கப் போய் அச்சுத்தொழில் வளர்ந்த கதையை அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "தண்ணி பட்டா பேப்பர் வளரும் தம்பி. வளர்ந்தா கலருக்குக் கலர் ரிஜிஸ்டர் போச்சு." தூறல் விழுந்தால் மொட்டைமாடித் துணியை மறந்துவிட்டு, ரீமை மூடியாச்சா என்று பிரஸ்ஸுக்குப் போன் போடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஹாலுக்கு வால்பேப்பர் வாங்கினார். "ஒட்டுறதுக்கு ஆள் வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிவகாசிக்காரனுக்குப் பேப்பர் ஒட்ட ஆளா!

ரோல் 21 அங்குல அகலம், 33 அடி நீளம். கூடவே வாங்கிய பசைப்பொடியை மோந்து பார்த்து ஓரம் கட்டினார். மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தார். பைண்டிங்காரர் கைப்பக்குவம்.

"பரோட்டாவுக்கு வச்ச மைதாங்க அது" என்றார் மதினி, உள்ளேயிருந்து.

சுவரில் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஒட்டத் தொடங்க வேண்டும். கொத்தனார் கட்டிய மூலை குண்டுக்கு நேராக நிற்பது அபூர்வம். அண்ணாச்சி மூலையிலிருந்தே தொடங்கினார். அரை நூல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குக் குண்டு எதற்கு? நாலாவது தாளுக்குள் வால்பேப்பரிலிருந்த மல்லிகைக்கொடி திருத்தங்கல் குன்று ஏறுவதுபோல் சாய்ந்துவிட்டது.

அதையாவது ரசனை என்று சொல்லிக்கொள்ளலாம். பசையைத் தடவி, மடித்து, ஐந்து நிமிஷம் ஊறவைத்தால் தாள் வளர்கிறதெல்லாம் தரையிலேயே வளர்ந்து முடிந்திருக்கும். பொறுமையில்லை, தடவிய கையோடு ஏற்றிவிட்டார். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் சுவர் முழுக்க, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாக எழும்பியது. ஒரு குமிழை உள்ளங்கையால் அமுக்கினார். அது நகர்ந்து போய் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் தலைதூக்கியது.

"அண்ணாச்சி, பேப்பர் வளருது."

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேப்பர் இல்ல தம்பி. சுவரு வளருது."

ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிற ஊரில் காலண்டருக்கா பஞ்சம்? காய்ந்தும் அடங்காத குமிழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணி அடித்து ஒரு தினசரிக் காலண்டர் தொங்கவிட்டார். மொத்தம் ஏழு. காலையில் எழுந்ததும் ஏழிலும் தாள் கிழிக்க வேண்டும். போன புதன்கிழமை நாலைக் கிழித்தவர், போன் வந்து மீதியை மறந்துவிட்டார்.

"ஏங்க, ராகுகாலம் பன்னெண்டுக்கா மூணுக்கா?" என்று கேட்டார் மதினி.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எந்தப் பக்கத்துச் சுவருல?"