எங்களிடமும் ஃபுல் ஃப்ரேம் இருந்தது

எழுபதுகளின் கல்கத்தாவில் கேமரா தேர்ந்தெடுப்பது சுலபம். எது நல்லது என்று யாரும் கேட்டதில்லை; எது இருக்கிறது என்றுதான் கேட்போம். வெளிநாட்டுச் சரக்கென்றால் சுங்கத் தீர்வை கழுத்தை நெரிக்கும். ஆகவே பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 கிடைத்தாலே சந்தோஷம். காசு சேர்ந்தால் ரஷ்ய ஜெனிட், அதுவும் கிதிர்பூர் பக்கம் கப்பல்காரர் யாராவது இறக்கியிருந்தால். “எது வேணும் தாதா?” என்று கடைக்காரர் கேட்பதெல்லாம் மரியாதைக்கு. அவரிடம் இருப்பதே ஒன்று.

ஃபிலிம் விஷயத்தில் லேக் மார்க்கெட் தமிழர்களான எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்து ஃபிலிம் நம் ஊட்டியிலிருந்து வந்தது. ஜெனிட்டில் போட்டால் சுருளுக்கு 36 படம். சஷ்டி முதல் தசமி வரை அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்: பந்தலுக்கு இரண்டு, துர்க்கைக்கு மூன்று, மிச்சம் அத்திம்பேர் குடும்பத்துக்கு. அத்திம்பேர் கண்ணை மூடிவிட்டாரென்றால் அடுத்த பூஜை வரை மூடியதுதான்.

இப்போது அத்திம்பேரின் பிள்ளையோடு, மெட்ரோ சினிமாவை ஒட்டிய கேமராச் சந்துக்குப் போகிறேன். ஊர் வாயில் அது மெட்ரோ கலி. அவன் கையில் பட்டியல். “ஃபுல் ஃப்ரேம்தான் வேணும் மாமா. சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர்.”

எங்கேயோ கேட்ட அளவு. ஜெனிட்டில் ஒரு படத்துக்கான கட்டமும் அதே 36க்கு 24தான். லட்ச ரூபாய்ச் சமாசாரத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, பெயர்கூடத் தெரியாமல் திரிந்திருக்கிறோம். அதற்கும் மேலே மீடியம் ஃபார்மட் என்று உண்டாம், பணக்காரர்கள் வாங்குவதாம். எங்கள் கிளிக் 3இன் நெகட்டிவ் 6க்கு 6 சென்டிமீட்டர். பரப்பில் ஃபுல் ஃப்ரேமைப்போல மூன்று மடங்குக்கும் மேல். “மிரர்லெஸ்தான் இப்போ எல்லாம்” என்றான். கிளிக்கில் கண்ணாடி வைக்க யாருக்கு வசதியிருந்தது? அதன் லென்ஸ் சுமார் என்பதை மட்டும் அவனிடம் நான் சொல்லவில்லை.

ஜெனிட்டோடு வந்த 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸின் கதை இன்னும் வேடிக்கை. முகத்துக்குப் பின்னால் மரமெல்லாம் சுழல்கிறதே என்று அன்று அலுத்துக்கொண்டோம். அந்தச் சுழலுக்காகவே இன்று பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்து, அடாப்டர் போட்டுப் புது கேமராவில் மாட்டுகிறார்கள்.

பொறுக்காமல் அவனுக்குப் ‘பதேர் பாஞ்சாலி’ கதையைச் சொன்னேன். 1952இல் சத்யஜித் ராய் முதல் நாள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோனது அடிபட்டுத் தேய்ந்த ஒரு வால் கேமரா. அன்றைக்கு வாடகைக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இருபது சொச்சம் வயது, சினிமா கேமராவை அதற்குமுன் இயக்கியதே கிடையாது. நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருந்து அந்தக் காட்சியை முடித்தார்கள். நல்ல கேமரா வரட்டும் என்று அல்ல, பூ வரட்டும் என்று.

கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “அந்த வால் கேமராவுல டைனமிக் ரேஞ்ச் எத்தனை ஸ்டாப் இருக்கும் மாமா?” என்றான்.

அன்று டிரைபாட், தோள்பை, இரண்டு மெமரி கார்டு வாங்கினோம். கேமராவுக்கு அடுத்த மாடல் வரப்போகிறதாம்.